பனிக்கட்டி நிலவறைக் கயிறு

கட்டுக்கதை என்று சொல்பவர்கள் என் இடது கையைப் பார்க்கலாம். இரண்டு விரல்களுக்கு நுனி இல்லை. அன்று குளிரில் கருகியவை. வரைகிற கை தப்பியதே பெரிய விஷயம்.

1871 ஜனவரி. உடற்கூறியல் பேராசிரியர் லோசோவிடம் நான் ஓவியன். மனித உடம்பின் உள்ளமைப்பைப் படப் புத்தகமாகக் கொண்டுவருவதிலேயே அவருடைய பாதி வாழ்க்கை கழிந்திருந்தது. அவர் பிணத்தை அறுப்பார், நான் வரைவேன். கெட்டுப்போகாமல் இருக்க வேண்டுமே, அதனால் பனிக்கட்டி அடுக்கிய நிலவறையில்தான் வேலை. கதவுக்கு வெளியே மட்டும் இரும்புத் தாழ்ப்பாள். முடிந்ததும் உள்ளே தொங்கும் கயிற்றை இழுப்பேன். காவலாளி அறையில் மணி அடிக்கும்.

பிணவறைக்கும் ஒரு கயிறு உண்டு. உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் பயம். அதனால் செத்தவர் விரலில் மணிக்கயிறு கட்டி மூன்று நாள் காத்திருப்பார்கள். அதன் பிறகுதான் கத்தி வைக்கலாம்.

பல வருடம் எனக்குக் கதவு திறந்தவர் டீட்மார் கிழவர். மணி கேட்டதும் கயிற்றை மேலிருந்து மூன்று முறை சுண்டுவார். வருகிறேன் என்று அர்த்தம். "பயப்படாத தம்பி, உன்னை ஐஸ்கட்டியாக விடமாட்டேன்" என்று சிரிப்பார். நான் சொல்லும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் அவரே செத்துப்போனார். பிணவறையில் கிடத்தியிருந்தார்கள். புதுக் காவலாளி வென்செல் என்னை உள்ளே விட்டுத் தாழ்ப்பாள் போட்டான்.

தட்டில் ஓர் இதயத்தை வைத்துவிட்டுப் போயிருந்தார் பேராசிரியர். பெரிய இதயம். மாலை நாலு மணிக்கு வரைந்து முடித்தேன். கயிற்றை இழுத்தேன்.

மணிச் சத்தம் இல்லை.

மறுபடி இழுத்தேன். மணியின் கனம் எனக்குப் பழக்கம். இது வேறு கனம். இழுத்தால் மெதுவாக வந்தது... விட்டால் மெதுவாகப் போனது.

கத்தினேன். கதவை உதைத்தேன். ஞாயிற்றுக்கிழமை, மேலே வென்செலைத் தவிர கட்டடத்தில் யாரும் கிடையாது; தடித்த கதவைத் தாண்டி அவனுக்குச் சத்தம் எட்டாது. வீட்டில் மனைவிக்கு நிறைமாதம். குழந்தையைப் பார்க்காமலே போய்விடுவேனோ என்று அழுகை வந்தது. இடது கை மரத்துப்போனது. மெழுகுவர்த்தியும் அணைந்தது.

அப்போது கயிறு அசைந்தது.

சட்... சட்... சட்...

மூன்று முறை.

'அப்பாடா, வென்செல்' என்று நினைத்தேன். அடுத்த நொடி கதவை விட்டுப் பின்வாங்கினேன். அந்த வழக்கத்தை வென்செலுக்கு யாரும் சொல்லவில்லை.

படியில் காலடி. செருப்பில்லாத கால்.

பத்... பத்...

கதவருகே நின்றது.

கிரீச்ச்...

தாழ்ப்பாள்.

தள்ளினேன். யாருமில்லை.

மேலே ஓடினேன். வென்செல் சூப்பு குடித்துக்கொண்டிருந்தான்.

"யோவ்! கதவைத் தொறந்தது யாருய்யா?"

"எந்தக் கதவு? மணியே அடிக்கலையே!"

விளக்கோடு திரும்பி வந்து பார்த்தோம். பனி படிந்த தாழ்ப்பாளில் மனிதத் தோல் ஒட்டியிருந்தது. வென்செல் பிணவறைக்கு ஓடினான்.

டீட்மார் படுத்தபடியே கிடந்தார். விரலில் முடிச்சு அவிழவில்லை. உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. வென்செல் கயிற்றைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"ரெண்டு கயிறும் இந்தச் சுவத்து வழியாத்தான் போகுது... பிணவறைக் கயிறுன்னு நெனச்சு நிலவறைக் கயித்த அவுத்து இவரு விரல்ல கட்டிட்டேனே!"

அதுவரை நான் இழுத்தது டீட்மாரின் விரலை.

எனக்குப் பயத்தைவிடச் சந்தோஷம்தான் முந்திக்கொண்டது. "உசுரோட இருக்காருய்யா! ஐயாவைக் கூப்பிடு!"

வீட்டிலிருந்து பேராசிரியர் வந்தார். நாடி பார்க்கவில்லை. தலை குனிந்தபடி போர்வையை விலக்கினார். நெஞ்சில் நீளமாகத் தையல்.

"மூணு நாள் காத்திருந்தா கெட்டுப்போயிடும்னு நேத்தே எடுத்துட்டேன்" என்றார். "மத்தியானம் பூரா நீ வரைஞ்சது இவரோட இதயத்தைத்தான்."