பின்னால் உட்கார்ந்து கேட்ட சத்தம்

தொண்ணூற்றெட்டாம் வருஷம், மழை பிடித்த ஜூன் மாதம். கொச்சி மட்டாஞ்சேரியில், எங்கள் இஞ்சி கிடங்குத் தெருவில் நடந்தது இது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. பதினொரு வயதில் மூட்டை சுமக்க வந்தவன், முப்பது வயதில் சொந்தமாக ஜீப் வாங்கினேன். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. மழையில் மலைத்தோட்டத்துச் சேற்றில் மற்ற வண்டிகள் நின்றுவிடும்போது என் வண்டி ஏறிப் போகும். ரிப்பேரும் நானே. தோப்பும்படி ஒர்க்‌ஷாப்காரர்களே, புரியாத சத்தம் என்றால் என்னைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்வார்கள். பானெட்டைத் திறக்காமலே சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை, தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம்.

அப்படிப்பட்டவன் வண்டியிலேயே ஒரு சத்தம். கிளம்பும்போது பின்பக்கம் ஒரு ‘டொக்’. பிரேக் பிடித்தால் இன்னொரு ‘டொக்’. என்ஜினில் இருந்து பின் அச்சுக்குப் போகிற ஷாஃப்ட்டின் இரு முனையிலும் மூட்டாக இருக்கும் கிராஸ் தேய்ந்திருக்கிறது என்று கேட்ட மாத்திரத்தில் தீர்மானித்தேன். இரண்டு கிராஸையும் மாற்றினேன். சத்தம் போகவில்லை. பின் அச்சின் நடுவே இருக்கும் பல்சக்கரப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பல் எல்லாம் முத்து மாதிரி இருந்தது. மூடினேன். ‘டொக்’.

வேறு சமயமாக இருந்தால் மெதுவாகப் பார்த்திருப்பேன். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை கட்டப்பனைக்குப் போக வேண்டும். மலைமேல் வாழ்க்கைப்பட்டிருந்த என் ஒரே மகளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்கு அவளை இங்கே கூட்டி வர வேண்டும். வாடகைக் கார் வைத்துக்கொள்ளலாம் என்றாள் என் மனைவி. ஜீப் வைத்திருக்கிறவன் மகள் வாடகைக் காரில் இறங்குவதா? முடியாது என்றேன். மகள் சாய்ந்து வர வசதியாகப் பின்சீட்டைப் புதிதாகத் தைத்துவிடுவோம் என்று, பஜாரில் ஜீப் சீட்டும் படுதாவும் தைக்கும் ஒரு அம்மாவை வரச் சொன்னேன்.

அவர் பாலக்காட்டுப் பக்கத்து ராவுத்தர் வீட்டுப் பெண். நாற்பது வயது இருக்கும். கணவர் நோயில் படுத்த பிறகு அவருடைய மெஷினில் இவர் உட்கார்ந்தார். தலையில் முக்காடு, கழுத்தில் டேப், கையில் தையல் சாக்பீஸ். வந்தவர் அளவெடுக்காமல், வண்டியின் பின்னால் எதிரெதிராக இருக்கும் இரண்டு சீட்டில் ஒன்றில் ஏறி உட்கார்ந்தார்.

“ஒரு சுத்து ஓட்டுங்க அண்ணே. உக்காந்து பாக்காம நான் சீட்டு தைக்கிறதில்ல.”

தோப்பும்படி வரை போய்த் திரும்பினோம். வழியில் அவர் இடப்பக்க சீட்டில் இருந்து வலப்பக்கத்துக்கு மாறுவதைக் கண்ணாடியில் பார்த்தேன். இறங்கியதும் சொன்னார்.

“சீட்டு கெடக்கட்டும் அண்ணே. வலது சக்கரத்துக்கு மேல ஒண்ணு தட்டுது. எனக்கு இடுப்புல வந்து இடிக்குது.”

“அது நடு ஷாஃப்ட்டும்மா. நான் பாத்துக்கறேன்.”

“நடுவுலன்னா ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல கேக்கணும் இல்லையா? இடப்பக்கம் உக்காந்தா இவ்வளவு இல்லியே.”

எனக்குச் சுருக்கென்றது. கிடங்கு வாசலில் சாயா குடித்துக்கொண்டிருந்த சுமைக்காரர்களுக்கோ கொண்டாட்டம். “ஆசானே, இனி வண்டியும் அந்த அம்மாவே தைச்சு தருவாங்களோ?” என்றான் ஒருவன்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. “அண்ணே, நீங்க எப்பவாவது பின்னாடி உக்காந்திருக்கீங்களா?”

என் ஸ்டியரிங்கை இன்னொரு கை தொட நான் விட்டதே இல்லை. அது என் சட்டம். வண்டி வாங்கிய இந்த ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட நான் பின்னால் உட்கார்ந்தது கிடையாது. ஆனால் அதை ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. “கியர் போட்டு இழுக்கும்போது ஷாஃப்ட் தட்டுது, அவ்வளவுதான்” என்றேன்.

“அப்ப கியர் போடாம ஓட்டிப் பாருங்க. தோப்பும்படி பாலத்து எறக்கத்துல சும்மா விட்டுட்டு பிரேக்கை சவிட்டுங்க. சத்தம் வரலைன்னா நீங்க சொன்னதுதான் சரி. நான் வாயை மூடிட்டு சீட்டைத் தைக்கறேன்.”

இவ்வளவு எளிய சோதனை எனக்கு ஏன் தோன்றவில்லை என்று நினைத்தபடியே அவரையும் ஏற்றிக்கொண்டு மறுபடி தோப்பும்படி போனேன். பாலத்து இறக்கத்தில் நியூட்ரலில் விட்டு பிரேக்கை அழுத்தினேன். என்ஜினின் இழுவை துளியும் ஷாஃப்ட்டுக்குப் போகாத நேரம்.

‘டொக்.’

கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்காமலே வண்டியைத் திருப்பினேன்.

தெருவில் நிறுத்தியதும், சக்கரத்துக்கு மேலே எது எதோடு சேருகிறது என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பின்சக்கரங்களின் உள்பக்கம் அச்சு ஸ்பிரிங் பட்டையோடு சேரும் இடத்தைச் சுத்தமாகத் துடைக்கச் சொன்னார். நான் குனிந்து துடைத்தேன். தன் சாக்பீஸால் பட்டையில் இருந்து அச்சுத் தகடு வரைக்கும் ஒரே நேர்கோடாக இழுத்தார், இரண்டு பக்கமும்.

“ரெண்டு துணியை வச்சு தைக்கையில அடித்துணி நகருதான்னு இப்படித்தான் பாப்போம். நகர்ந்தா கோடு ரெண்டாயிரும்.”

முன்னால் பத்தடி ஓட்டி பிரேக், பின்னால் பத்தடி ஓட்டி பிரேக். இறங்கிப் பார்த்தேன். இடப்பக்கக் கோடு போட்டது போட்டபடி. வலப்பக்கக் கோடு உடைந்து, ஒரு விரல் அகலம் விலகி நின்றது. சாயா குடித்தவர்களும் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

கழற்றினேன். அச்சையும் பட்டையையும் சேர்த்துக் கட்டும் யு போல்ட்டின் நட்டுகள் ஸ்பானர் இல்லாமல் விரலுக்கே சுழன்றன. பட்டைகளை நடுவில் பிடித்திருக்கும் சென்டர் போல்ட் இரண்டாக ஒடிந்து, அதன் தலை என் உள்ளங்கையில் விழுந்தது. அச்சு சும்மா ஸ்பிரிங்கின் மேல் முன்னும் பின்னும் சறுக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

அந்தப் பட்டையைச் சித்திரை விஷுவுக்கு முன்னால் மாற்றியதும் நான்தான். பட்டை மாற்றினால் நாலு நாள் ஓட்டிவிட்டு மறுபடி நட்டை முறுக்க வேண்டும் என்று ஊரில் எல்லாருக்கும் உபதேசம் செய்கிறவனும் நான்தான். என் வண்டிக்கு மட்டும் செய்யவில்லை. நான் முறுக்கினால் முறுக்கினதுதான், இரண்டாம் தடவை எதற்கு என்ற திமிர். மலை இறக்கத்து வளைவில் அந்த அச்சு விலகி, பிரேக் குழாயை இழுத்து அறுத்திருந்தால்? கையில் இருந்த போல்ட் தலையை அந்த அம்மாவிடம் நீட்டினேன்.

“எப்படிம்மா கண்டுபிடிச்சே?” என்றேன்.

“எனக்கு வண்டி தெரியாதண்ணே. அதுல உக்கார்றவங்களைத்தான் தெரியும். மகளுக்கு எத்தனை மாசம்?”

“ஏழு.”

“அப்ப முதுகுக்கு இன்னும் ரெண்டு விரல் கனம் கூட்டி வைக்கறேன்.” டேப்பை எடுத்து அளக்க ஆரம்பித்துவிட்டார். ஜெயித்தேன் என்ற பாவனை முகத்தில் கொஞ்சம்கூட இல்லை. நானாக இருந்தால் தோப்பும்படி வரைக்கும் கேட்கும்படி சொல்லியிருப்பேன்.

புதிய போல்ட் போட்டேன். நாலு நாள் ஓட்டி மறுபடி முறுக்கினேன். ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு முடிந்து கிளம்பும்போது மருமகனிடம் சாவியை நீட்டினேன்.

“மாமா, நெசமாவா? எங்கிட்டயா?” அவர் சாவியை வாங்கவே தயங்கினார்.

நான் பின்னால் ஏறி, வலப்பக்கச் சக்கரத்துக்கு மேலே உட்கார்ந்துகொண்டேன். ஒவ்வொரு வளைவிலும் காது கொடுத்துக் கேட்டேன். மழைச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. எதிர்சீட்டில் என் மகள், அந்த அம்மா தைத்த சாய்மானத்தில் தலை வைத்து, மலை இறங்கும்வரை கண் விழிக்காமல் தூங்கினாள்.

வண்டியைப் பற்றி எனக்குத் தெரியாதது இன்றைக்கும் சொற்பம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒன்பது வருஷம் நான் உட்கார்ந்தே பார்க்காத அந்த இடத்தில் எனக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்து பார்த்ததால்தான் என் மகள் வீடு வந்து சேர்ந்தாள் என்பதை, யாராவது என்னைக் கெட்டிக்காரன் என்று சொல்லும்போதெல்லாம் எனக்குள் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன்.