கதிரை யாருடைய சொல்

நிலாவெளியில் பிறந்த நான் கலியாணம் முடித்துப் பாலையூற்றுக்கு வந்தது அறுபதுகளின் நடுவில். இவருடையது பறங்கிக் குடும்பம், எங்களுடையது தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம். கோயில் ஒன்றுதான், பாஷைதான் வேறு. வீட்டுக்குள் அவர்கள் பேசுவது போர்த்துக்கேயர் காலத்திலிருந்து வந்த பேச்சு. படலையைத் தாண்டினால் தமிழ். என்னோடும் தமிழ்தான். அதனால் முதல் இரண்டு வருஷம் அவர்கள் பாஷையில் ஒரு சொல்லைக்கூட நான் படிக்கவில்லை. தேவைப்படவும் இல்லை.

இவருடைய அப்பா, என் மாமா, துறைமுக டொக்யார்டில் தச்சு வேலை. வாய் ஓயாத மனிதர். சைக்கிளை மதிலில் சாத்தும்போதே அன்றைய கதை தொடங்கிவிடும். புதுப் பெண்ணாக வந்து கூச்சத்தில் ஒடுங்கி நின்ற என்னை முதல் நாளே சிரிக்க வைத்தவர் அவர்தான்.

ஒருநாள் காலை முகம் மழித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். பாரிசவாதம் என்றார்கள். உயிர் தப்பியது. ஆனால் வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர், "பேசப் பேசத்தான் வரும். சும்மா விட்டிடாதேங்கோ" என்றார்.

இவர் வேலைக்குப் போய்விடுவார். மாமி குசினியிலும் தையல் மெசினிலுமாக இருப்பா. பகலில் மாமாவுக்குப் பக்கத்தில் நான்தான். மெல்ல மெல்ல, மாமியோடு கதைக்கும்போது அவருக்கு வீட்டுப் பாஷையில் ஒன்றிரண்டு சொற்கள் வரத் தொடங்கின. தமிழ் மட்டும் வரவே இல்லை. நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தால் என் முகத்தையே பார்ப்பார். உதடு அசையும். ஒன்றும் வராது. பிறகு கண் கலங்கிவிடும். எனக்கு அந்த வீட்டுக்கு வெளியே நிற்பதுபோல் இருக்கும்.

எங்கள் ஊரில் நாங்கள் 'கதையுங்கோ' என்றுதான் சொல்வோம். ஆனால் டொக்டரின் சொல் என் நாக்கில் ஒட்டிக்கொண்டது. ஒரு மத்தியானம் அவருக்கு முன்னால் குந்தியிருந்து, "பேசுங்கோ மாமா. ஒரு சொல்லு பேசுங்கோ. பேசினால்தானே வரும்" என்று கெஞ்சினேன். மாமா யோசித்தார். முகம் தெளிந்தது. இடது கையால் குசினியைக் காட்டி, பிறகு வாயைக் காட்டினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமி வாசலில் வந்து நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா.

"பிள்ளை, எங்கட பாஷையில மீனுக்குக் கிட்டத்தட்ட 'பேசு' எண்டுதான் சொல்லுறது. நீ மீன், மீன் எண்டு ஆசை காட்டினா மனிசன் என்ன செய்யும்?"

அன்று பின்னேரமே மீன் வாங்கி மாமி குழம்பு வைத்தா. மாமா ரசித்துச் சாப்பிட்டார். எனக்கோ மண்டைக்குள் ஏதோ புரண்டது. என் தமிழ் அவருக்குக் கேட்காமல் இல்லை. கேட்கிறது. ஆனால் அவர் பிறந்து கேட்ட பாஷையின் வாசலால்தான் உள்ளே போகிறது.

சில நாள் கழித்து, அறையைக் கூட்டுவதற்காக பார்க்க வருவோர் இருக்க அவருக்குப் பக்கத்தில் போட்டிருந்த கதிரையை இழுத்தேன். பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"கதிரை."

நான் தும்புத்தடியைப் போட்டுவிட்டுக் கத்தினேன். "மாமி! மாமா தமிழ் கதைச்சிட்டார்!"

"என்ன சொன்னவர்?"

"கதிரை எண்டவர்!"

"அது எங்கட சொல்லு" என்றா மாமி.

"இல்லை மாமி, அது தமிழ். எங்கட ஊரில எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறது."

"உங்கட ஊருக்கு ஆர் குடுத்தது? நாங்கதானே!"

இருவரும் மாறி மாறி இழுபட்டோம். மாமா எங்கள் இருவரையும் பார்த்து, விழுந்த பிறகு முதல் தடவையாகச் சத்தம்போட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு எனக்கு வழி பிடிபட்டது. மேசை, சன்னல், சப்பாத்து, அலுமாரி, துவாய், பாண். இரண்டு பாஷைக்கும் பொதுவான சொற்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். ஒவ்வொன்றும் வந்தது, உச்சரிப்பு கொஞ்சம் அங்கும் இங்குமாக. சோறு, தண்ணி, பிள்ளை எல்லாம் வரவில்லை. தனித் தமிழ்ச் சொற்கள் எங்கோ ஆழத்தில் கிடந்தன.

அவை வந்த விதந்தான் ஆச்சரியம். ஒரு காலை "பாண்" என்றவர், நான் தட்டை வைக்க முன்னமே "சம்பல்" என்றார். நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை. பாணின் கையைப் பிடித்துக்கொண்டு சம்பல் வந்திருந்தது. சப்பாத்தைக் காட்டினால் "கால்" வந்தது. கதவு வராதபோது சன்னலைச் சொல்ல வைத்தால், கொஞ்சம் பொறுத்துக் கதவு வந்தது. பிறகு நான் சொல்லை நேரே கேட்பதை விட்டுவிட்டேன். அதன் அயலில் இருக்கும் பொதுச் சொல்லைத் தட்டிவிட்டுக் காத்திருப்பேன்.

டொக்யார்டில் மாமாவோடு ஒன்றாய் வேலை செய்த சிங்களத் தச்சர் ஒருவர் செவ்விளநீர்க் குலையோடு பார்க்க வந்தார். அவருக்குத் தமிழ் குறைவு. தச்சர்மாரைக் கூப்பிடும் முறையில் "பாஸ்" என்று கூப்பிட்டு மாமாவின் கையைப் பிடித்தவர், என்ன சொல்வதென்று தெரியாமல் தவித்தார். நான் மேசையைக் காட்டி, "மாமா, இது என்ன?" என்றேன்.

"மேசை" என்றார் மாமா.

வந்தவர் முகம் மலர்ந்தது. "மேசய!" என்றார். தன் காலைத் தூக்கி, "சபத்து!" என்றார்.

"சப்பாத்து!" என்றார் மாமா. உடனே சன்னலைக் காட்டினார்.

"ஜனேல!"

அவ்வளவுதான். அலுமாரி, பாண், துவாய் என்று அறையில் கண்ணில் பட்டதையெல்லாம் இருவரும் ஒருவருக்கொருவர் எறிந்து விளையாடினார்கள். தாங்கள் செய்த மேசைகளையும் அலுமாரிகளையுந்தான் நினைத்திருப்பார்கள். அந்தச் சத்தத்துக்குள் மாமா ஒரு முழுச் சிங்கள வசனம் சொல்லிவிட்டார். என்ன அர்த்தமென்று வந்தவரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு, பெண்பிள்ளைக்குச் சொல்ல ஏலாது என்றார்.

ஒரு வருஷத்துக்குள் மாமாவின் தமிழ் முக்கால்வாசி திரும்பிவிட்டது. இடையில் சொல் அறுந்தால் அறையைச் சுற்றிப் பார்த்து, பிடிபட்டதில் இருந்து தொடங்குவார். "எப்படி இருக்கிறீங்க?" என்று கோயில் சுவாமியார் கேட்டால், "கதிரையில இருக்கிறன்" என்பார். அது தடுமாற்றமா பகிடியா என்று சுவாமியாருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அவரைத் தேடிப் போன பாதையால் நானும் வந்துகொண்டிருந்தது மட்டும் எனக்குத் தெரியவில்லை. இவருடைய தங்கையின் கலியாணத்துக்கு மட்டக்களப்பில் இருந்து உறவுக்காரர் வந்தார்கள். பந்தி பரிமாறும் அவசரத்தில் ஒரு வயதான அம்மா என்னிடம் ஏதோ கேட்டா. நானும் ஏதோ பதில் சொல்லிவிட்டுச் சோற்றுச் சட்டியோடு நடந்தேன். அவ பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, இந்தமுறை தமிழில் கேட்டா.

"நீ எந்த ஊர்ப் பறங்கி, பிள்ளை?"

நான் அவவின் பாஷையில்தான் பதில் சொல்லியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. பகல் முழுக்க மாமாவும் மாமியும் கதைத்ததைக் கேட்டுக் கேட்டே அது நாக்கில் ஏறியிருக்க வேண்டும். பக்கத்தில் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்த மாமா எனக்காகத் தமிழில் பதில் சொன்னார், ஒரு சொல்லும் அறாமல்.

"அவ நிலாவெளிப் பறங்கி."