இராகுகாலமும் கைமணிக்கூடும்

“…நிமிசம் பிசகாமல் இராகுகாலம் பார்க்கத்தானே தம்பி, இந்த மணிக்கூட்டை வாங்கினனான்,” என்றார் தன் வயலோரம் நின்ற தம்பலகாமத்துக் கமக்காரர்.

என் பேனை அப்படியே நின்றுவிட்டது. அது அறுபதுகளின் கடைசி. திருகோணமலைக்குப் பக்கத்தில் சீனன்குடாவில் லிகிதராக எழுத்து வேலை பார்த்த நான், சனிக்கிழமைகளில் ஒரு பல்கலைக்கழக ஆய்வாளருக்காகக் கேள்வித்தாள் நிரப்பிவந்தேன். பழைய சமூகங்கள் படிப்படியாக ஏறி நவீனமாகும் என்பது அவர் கொண்டுவந்த கோட்பாடு. நானும் நூலகத்தில் தேடி வாசித்து, அதை முழுதாக நம்பியிருந்தேன். மணிக்கூடு கட்டியிருந்தால் ‘நவீனம்’ என்ற கட்டத்தில் புள்ளடி போட வேண்டும். இராகுகாலம் பார்த்தால் ‘பழமை’யில். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தால் என்ன செய்வதென்று தாளில் இல்லை. அறிஞர்களே அந்தப் படிகளைச் சந்தேகிக்கத் தொடங்கினார்கள் என்று பின்னாளில் வாசித்தேன். அப்போதும் இவரை எந்தக் கட்டத்தில் போடுவதென்று எனக்குத் தெளியவில்லை.

“நான் எதில போட ஐயா?”

“உமக்குச் சம்பளம் தாறவரைக் கேளும். என்னைக் கேட்டு என்ன?”

அதற்குள் வரம்பில் காத்திருந்த டிராக்டர்க்காரர் குரல் கொடுத்தார். “அண்ணை, பன்னிரண்டுக்கு நான் மற்ற வயலுக்குப் போகோணும். இப்ப இறங்காட்டி உங்கட வயலை உழுது முடிக்க ஏலாது. இந்தப் போகத்துக்கு இனி உங்களுக்கு முறை வராது.”

மணி ஒன்பதரை. இராகுகாலம் முடிய இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. கமக்காரர் மழை கறுத்திருந்த பக்கத்தைப் பார்த்தார். பிறகு மணிக்கூட்டைக் கழற்றி, முள்ளைப் பத்தரை தாண்டும்வரை திருகி, மறுபடியும் கட்டிக்கொண்டு, டிராக்டரை வயலில் இறக்கச் சொல்லிக் கைகாட்டினார்.