மருந்து இல்லாத குழாய்

என் மேசை இழுப்பறையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் குழாய் கிடக்கிறது. மேலே மார்க்கரில் ‘மருந்து இல்லாதது’ என்று எழுதியிருக்கும். எழுதியவர், நான் படித்த கள்ளக்குறிச்சிக் கல்லூரியில் ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்ட அக்கா. தியாகதுருகத்திலிருந்து தினமும் பேருந்தில் வருவார். அந்தக் குழாய் கண்ணில் பட்டாலே எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

கல்வராயன் மலைச் சாமையை மாவாக்கி வைத்தால் நாளடைவில் வாடை அடிக்கும். அதில் பங்குண்டு என்று நாங்கள் சந்தேகப்பட்ட ஒரு நொதியைப் பிரித்தெடுத்து, அதை மட்டும் போய்ப் பிடிக்கும் ஆன்டிபாடியை முயல் ரத்தத்திலிருந்து தயாரித்தோம். நொதி வேலை செய்தால் குழாயில் நீலம் வரும். ஆன்டிபாடியைக் குழாயில் ஊற்றினோம், நீலம் வரவில்லை; அது நொதியைப் பிடித்து நிறுத்திவிட்டது என்று நம்பினோம். பேராசிரியர் இனிப்பு வாங்கிவரச் சொன்னார். என் முனைவர் பட்டம் முழுக்க அந்த ஒரு முடிவில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

அக்கா மட்டும் யாரும் சொல்லாமலே இன்னொரு குழாய் வைத்திருந்தார். ஆன்டிபாடியை அவர் மருந்து என்றுதான் சொல்வார். அது கெடாமலிருக்கக் கலக்கும் அசைடு கரைசலை மட்டும் நொதியோடு சேர்த்து அந்தக் குழாயில் ஊற்றியிருந்தார். அதிலும் நீலம் வரவில்லை.

“சார், இதுல மருந்தே போடலீங்க. இதுவும் வெள்ளையாவே இருக்குதுங்க. அப்ப மருந்து இன்னா பண்ணிக்கினு இருக்குது?”

நொதியை நிறுத்தியது அசைடுதான். எங்கள் ஆன்டிபாடிக்கு அதில் ஒரு வேலையும் இருந்ததாகத் தெரியவில்லை. பேராசிரியருக்கு முகம் சிவந்துவிட்டது. “குழாய் கழுவுறதோட உன் வேலை முடிஞ்சிது. ஜாஸ்தி பேசாத” என்று அதைக் குப்பையில் எறிந்தார். அக்கா என் பக்கம் திரும்பினார். “நீயும்தானம்மா பாத்த, சொல்லேன்.” நான் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். குப்பையிலிருந்து குழாயைப் பொறுக்கத் தெரிந்த எனக்கு வாயைத் திறக்கத் தெரியவில்லை. அடுத்த வாரமே அக்காவை வரவேண்டாம் என்றுவிட்டார்கள். கட்டுரை வந்தது, பட்டமும் வந்தது. என்ன வெட்கங்கெட்ட பிழைப்பு!

போன வாரம் வெளியூர் ஆய்வாளர் ஒருவர் எனக்கும் பேராசிரியருக்கும் எழுதியிருந்தார். அதே சோதனையைச் செய்தும் அந்த முடிவு தங்களுக்கு வரவில்லையாம், கன்ட்ரோலாக, அதாவது ஒப்பிட்டுப் பார்க்க மருந்து இல்லாமல், என்ன வைத்தீர்கள் என்று கேட்டிருந்தார். ஓய்வுபெற்றுவிட்ட பேராசிரியர் உடனே எனக்குப் போன் செய்தார். “அந்தம்மா தப்பாக் கலந்துட்டாங்கன்னு எழுதிடும்மா. அவங்க இப்ப எங்கயோ, யார் வந்து கேக்கப்போறாங்க?”

அட மனுஷா! சரியாகச் செய்த ஒரே ஆளின் தலையிலா பழி?

குழாயைப் படம் பிடித்தேன். எங்கள் கட்டுரையில் எங்கும் வராத அக்காவின் பெயரை முழுதாக எழுதி, ‘கன்ட்ரோல் வைத்தவர் இவர், மறைத்தவர்கள் நாங்கள் இருவர்’ என்று அனுப்பிவிட்டேன். தியாகதுருகம் போய் அக்காவின் கையில் இந்தக் குழாயைக் கொடுக்க வேண்டும். அதற்குத்தான் இன்னும் தைரியம் வரவில்லை.