மாமி வலப்பக்கம் திரும்பினார்

அந்தப் பாட்டுக்கு ஆடும்போது, ஒரு சுற்று அசைவு முடிந்ததும் எல்லோரும் துள்ளி இடப்பக்கம் திரும்புவார்கள். மாமி மட்டும் வலப்பக்கம் திரும்புவார். 'ஊரோடு ஒத்தோடு' என்ற பழமொழி அவரிடம் செல்லாது.

ஒரு லத்தீன் குழு ஸ்பானிய மொழியில் பாடிய பாட்டு அது. அந்தக் கோடையில் மொன்ட்ரியாலில் அதிலிருந்து தப்பிய காது கிடையாது. தெப்பனூர் என்று நாங்கள் சொல்லும் மூலைக் கடைக்குப் பால் வாங்கப் போனாலும் வானொலியில் அதுதான். பள்ளி முற்றத்திலும் பேருந்துத் தரிப்பிலும் பிள்ளைகள் ஆடிக்கொண்டு நிற்பார்கள். ஒரு கை முன்னே நீளும், பிறகு மற்றது. உள்ளங்கைகள் மேலே புரளும். தோள், பிடரி, இடுப்பு என்று கைகள் ஒவ்வோர் இடமாகப் போய் உட்காரும். இடுப்பை மூன்று தரம் ஆட்டிவிட்டு ஒரு துள்ளல், கால்வட்டம் திரும்பி மறுபடி தொடக்கம். பொருள் எங்கள் ஆட்களில் ஒருவருக்கும் தெரியாது. என் வகுப்பிலிருந்த சல்வடோர் நாட்டுப் பிள்ளையிடம் கேட்டேன். தெரியாமல் இருப்பதே நல்லது என்றாள்.

நகரின் வில்லரேப் பகுதியில், வெளியே வளைந்த இரும்புப் படி வைத்த வீடு. கீழ்த்தட்டில் நாங்கள், மேல்தட்டில் அப்பாவின் தங்கையான மாமி. எனக்குப் பதின்மூன்று வயது. நானும் மாமியின் மகளும் பின் பல்கனியில் ஆடிப் பழகுவோம். உடுப்புக் காயப்போடும் சாட்டில் மாமி பார்த்துக்கொண்டு நிற்பார். ஒருநாள் உடுப்புக் கிளிப்பை வாயில் கவ்வியபடியே கையை நீட்டத் தொடங்கிவிட்டார். எல்லாம் அச்சொட்டாக வந்தது, திரும்புவதைத் தவிர. "இடப்பக்கமாச் சுத்துறது செத்த வீட்டிலை. நாலு தரம் திரும்பினா ஒரு சுத்து முடிஞ்சிடும். என்னாலை ஏலாது" என்றார். கோயிலில் நின்ற இடத்தில் தன்னைச் சுற்றிக் கும்பிடுவதுபோல வலமாகத் திரும்பி, எங்களுக்கு எதிர்முகமாக நின்று சிரிப்பார்.

அந்தச் சிரிப்பு அம்மாவுக்கு மட்டும் இல்லை. இருவரும் கதைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மாமி ஆஸ்பத்திரியில் மகனைப் பெற்ற அன்றே, யாழ்ப்பாணத்தில் அவருடைய தாயார், என் அப்பம்மா, கண்ணை மூடினார். செய்தி எங்கள் வீட்டுத் தொலைபேசிக்குத்தான் வந்தது. பச்சை உடம்புக்காரிக்குச் சொல்லக்கூடாது என்று அம்மா முடிவெடுத்தார். அப்பாவும் தலையாட்டியவர்தான், ஆனால் பழி முழுவதும் அம்மாவின் தலையில் விழுந்தது. நாலு நாள் அம்மா பிள்ளை பெற்றவர்களுக்கான சரக்குக்கறி சமைத்துக் கொண்டுபோய்ச் சிரித்த முகத்தோடு கொடுத்துவிட்டு, மெட்ரோவில் அழுதுகொண்டு திரும்பினார். ஐந்தாம் நாள் விஷயம் தெரிந்தபோது மாமி கத்தவில்லை. "என்ர அம்மா செத்துக் கிடக்க, நான் இவளோடை சிரிச்சுக் கதைச்சிருக்கிறன்" என்றார். அதுதான் கடைசிப் பேச்சு.

ஜூலை முதலாம் திகதி இந்த நகரத்தில் பாதிச் சனம் வீடு மாறும். அந்த முறை நாங்களும் ஆற்றுக்கு அப்பால் புரோசார்டுக்குப் போகவிருந்தோம். ஒரே வாசலில் பார்த்தும் கதைக்காதவர்கள், பாலத்தைத் தாண்டி வந்தா கதைக்கப் போகிறார்கள்? போனால் போனதுதான் என்று எனக்குப் பயமாக இருந்தது. அதற்கு முந்தின சனிக்கிழமை, ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் மாமியின் மகனுக்கு இரண்டாவது பிறந்தநாள் விழா. அப்பாவின் கண்டிப்புக்காக வந்த அம்மா, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசிக் கதிரையில் இருந்தார். பாட்டுத் தொடங்கியதும் சேலைகளும் கோட்டுகளும் வரிசைக்கு ஓடி வந்தன. நான் அம்மாவை இழுத்துக்கொண்டுபோய் மாமியின் வலக்கைப் பக்கம் நிறுத்தினேன். தெரிந்துதான் செய்தேன். சூழ்ச்சி என்றால் சூழ்ச்சிதான், வெட்கமில்லை.

இருவரும் நேரே சுவரைப் பார்த்துக்கொண்டு கைகளை நீட்டினார்கள். துள்ளல் வந்தது. மண்டபமே இடப்பக்கம் திரும்ப, அம்மாவும் திரும்பினார். மாமி வலப்பக்கம் திரும்பினார். இரண்டு முகங்களுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

"என்ன பாக்கிறாய்?" என்றார் மாமி. கை இன்னும் இடுப்பில்தான்.

"நான் சொல்லியிருக்க வேணும், மச்சாள்" என்றார் அம்மா.

அடுத்த துள்ளலுக்கு எல்லோரும் திரும்ப, அவர்கள் இருவரும் அப்படியே நின்றார்கள். பிறகு மாமி அம்மாவின் கையைப் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். "நாலு நாளும் அந்தக் கறியை நான் ருசிச்சுத் திண்டனானடி" என்று மாமி அழுதது எனக்குக் கேட்டது. எங்கள் பீங்கான் சாமான்களைக் கடதாசியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கியது மாமிதான். அதன்பின் இருவரும் தொலைபேசியில் கதைக்காத நாள் கிடையாது. அந்த நாலு நாளைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அம்மா போய் ஆறு வருடம். இந்த மாசியில் அப்பாவும் போனார். மாமி அப்போது மொன்ட்ரியால்-நோரில் ஒரு முதியோர் இல்லத்தில், சளிக் காய்ச்சலோடு படுக்கையில் இருந்தார். "இப்ப வேண்டாம், பேந்து சொல்லுவம்" என்றாள் அவருடைய மகள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு தரம் பட்டது போதாதா? அன்று பின்னேரமே போய்க் கட்டிலருகில் இருந்து, "அப்பா இண்டைக்குக் காலமை மோசம் போயிட்டார், மாமி" என்றேன்.

மாமி தலையணையில் என் பக்கம் திரும்பினார். "ஒளிக்காமல் சொன்னாய், நல்லது பிள்ளை" என்றார். பிறகு என் கையைத் தேடிப் பிடித்தார்.

"கொம்மா கறி கொண்டுவந்த அந்த நாலு நாளும் என்ர அம்மா எனக்கு உயிரோடைதானே இருந்தவ. அண்ணை அப்பிடி எனக்கு ஒரு நாள்கூட மிச்சமில்லை. கொம்மா எனக்குத் தந்தது என்னெண்டு இப்பதான் விளங்குது. அவளிட்டை ஒருக்காச் சொல்லாமல் விட்டிட்டன்."