முஹர்ரக் ஓடுபாதையில் காற்றுக்குக் காத்திருந்த பகல்

விமானங்களைப் பக்கத்தில் நின்று பார்க்கவென்றே பஹ்ரைன் போகிறேன், எந்த இடம் தோது என்று வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருந்தார். கேட்டாரே ஒரு கேள்வி! வளைகுடா முழுவதிலும் அந்தக் கலைக்கு அஸ்திவாரக் கல் நாட்டியவன் அடியேன்தான். 1977 அக்டோபர், ஒரு வெள்ளிக்கிழமை. சவூதியில் அல்கோபார் பக்கம் ஒரு கேம்பில் ஸ்டோர்கீப்பராக இருந்தேன். நான் ஒருநாள் லீவு போட்டால் உலகத்தில் பெட்ரோல் விலை ஏறிவிடும் என்று பேசிக்கொண்ட காலம்.

போனதற்குக் காரணம் சூசை. என் ரூம்காரன், வெல்டர், மணப்பாட்டு மீனவர் வீட்டுப் பிள்ளை. மூன்று வருஷம் கழித்து லீவு கிடைத்திருந்தது. ஊரில் பெண் பேசி, கோயிலில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையும் வாசித்தாயிற்று. ஒன்பது நாளில் விமானம். ஆனால் சூசை ஏற மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். பம்பாயிலிருந்து கப்பலில் வந்தவன், கப்பலில்தான் போவானாம். அந்தக் கப்பல் போய்ச் சேருமுன் கல்யாணத் தேதி கடந்துவிடும். ஏற்கெனவே ஒருமுறை தள்ளிவைத்தது. இன்னொரு முறை தள்ளினால் வேறு மாப்பிள்ளை பார்ப்போம் என்று பெண்வீட்டார் கடிதமே போட்டுவிட்டார்கள்.

“இறக்கையே அசைக்காம பறக்குற சாமானை எப்பிடி அண்ணாச்சி நம்புதது?” என்பான்.

விமானத்தில் ஏறி இறங்கியே என் செருப்பு தேய்ந்துபோனது என்று ரூமில் தினமும் அளந்துகொண்டிருந்தவன் நான். ஆகவே மருத்துவம் என் பொறுப்பாயிற்று. கிட்டத்தில் நின்று நூறு விமானம் பார்த்தால் பயம் தெளியும் என்று முடிவுகட்டி, எங்கள் கஃபீலான அரபு முதலாளியிடமிருந்து பாஸ்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

சவூதிக்கும் பஹ்ரைனுக்கும் நடுவே அன்றைக்குப் பாலம் கிடையாது. காலை 6.30க்கு அல்கோபாரில் லாஞ்ச் என்கிற மோட்டார் படகு, ஆளுக்குப் பதினைந்து ரியால், 8.25க்கு மனாமா. அந்த ஒன்றே முக்கால் மணிச் சொச்சத்தில் அலைகள் பனைமர உயரம் எழுந்தன. (சூசையைக் கேட்டால் முழங்கால் உயரம் என்பான், நம்பாதீர்கள்.) அவன் முன்பக்கம் ராஜா மாதிரி நின்றான். நான் பின்பக்கக் கம்பியைக் கட்டிப்பிடித்து, போன மாதம் தின்றதையெல்லாம் கடலுக்குக் காணிக்கை செலுத்தி, ஏதேதோ புலம்பிக்கொண்டு வந்தேன்.

மனாமாவில் டாக்சி. இரண்டரை கிலோமீட்டர் கடல்சாலை தாண்டினால் முஹர்ரக் தீவு. போக வர, காத்திருக்க எல்லாம் சேர்த்து நாலு தினார். டிரைவர் பஹ்ரைன்காரர், எங்களோடு பேசியது உருது. ஓடுபாதையின் தென்கிழக்கு முனையில், வேலிக்கு வெளியே கடலோர மணலில் இறக்கிவிட்டார். “ஊசிமூக்கு கன்கார்டு இன்றைக்கு மதியம். இங்கேதான் தலைக்கு மேல் போகும், பாய்.”

அந்த இடத்தை எப்படிச் சொல்ல? முழங்கால் ஆழத்துக்குப் பச்சைக் கண்ணாடியாகக் கடல். எதிரே வெயிலில் ஓடுபாதையின் தார் உருகி ஏரி போல நின்றது. அந்த ஏரியில் விமானங்கள் சத்தமில்லாமல் மிதந்து வந்தன. அருகில் வந்த பிறகுதான் சத்தம் ஞாபகம் வந்ததுபோல இடித்தது. நிழல் நம்மேல் ஏறி இறங்கிக் கடலுக்குள் நடந்து போகும். நான் வாயைத் திறந்தபடி கிடந்தேன். சூசை முதுகைத் திருப்பி மணலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

நாலாவது விமானத்துக்குத்தான் வாயைத் திறந்தான். “எல்லாம் ஏன் இந்தப் பக்கமாவே ஏறுது?”

“அந்தப் பக்கம் சவூதி. விசா இல்லாம பறக்க முடியுமா?” என்றேன், கொஞ்சமும் கூசாமல்.

அவன் மணலில் நின்ற கடல்புறாக்களைக் காட்டினான். “இவ்வளவு நேரம் எல்லாம் பிளேன் ஏறுத பக்கமா மூக்கை வச்சு நின்னுச்சு. இப்ப ஒண்ணொண்ணா திரும்புது பாருங்க. வாடைக்காத்து எழும்பப் போவுது. உங்க ஊசிமூக்கும் திரும்பிரும். இங்க நின்னா அதோட வாலுகூடக் கெடைக்காது.”

டிரைவர் கையை விரித்தார். “மாஃபி, மாஃபி! கிடையவே கிடையாது. காலையிலிருந்து இங்கேதான். இவர் என்ன, டவர் ஆபீசரா?”

“யல்லா, கிளம்புங்க பாய்” என்று சூசை போய் முன் சீட்டில் ஏறிவிட்டான். நாலரை கிலோமீட்டர் சுற்றி வடமேற்கு முனை. போய் இறங்கியபோது இலைகூட அசையவில்லை. டிரைவர் சிரித்தார். கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. பிறகு என் சட்டைக் காலரைக் குளிர்ந்த விரல் ஒன்று தொட்டது. வேலிக் கம்பிகள் முனகின.

12.40. வெயில் ஏரியின் மறுகரையில் வெள்ளையாய் ஒன்று கழுத்தை நீட்டி நின்றது. வருகிறதா நிற்கிறதா தெரியாத ஒரு நேரம், கனவில் யாரோ நம் பெயரைச் சொல்லப் போகிறார்கள் என்பதுபோல. அப்புறம் பூமி உறுமியது. என் பல் இரண்டு இடம் மாறி உட்கார்ந்தன. தலைக்கு மேல் அந்த மெல்லிய வயிறு, பின்னால் நெருப்பு. சூசை இம்முறை திரும்பி நிமிர்ந்து நின்று பார்த்தான்.

“காத்துக்கு மூஞ்சியக் காட்டி ஏறுதான்” என்றான் மெல்ல. “முதுகு காட்டல. இவனும் நம்ம ஆளுதான் அண்ணாச்சி. டிக்கெட்டு கேன்சல் வேண்டாம்.”

டிரைவர் ஃபிளாஸ்கில் இருந்த சுலைமானி டீயை முதலில் அவனுக்கு ஊற்றினார்.

மாலை 4 மணி லாஞ்சுக்குத் துறைமுகத்தில் நின்றபோது சூசை கேட்டான். “நீங்க ஏன் மூணு வருசமா லீவே போடல?”

“கம்பெனி விட்டால்தானே?”

“காலையில வாந்தி எடுக்கும்போது, பம்பாய்க் கப்பல்கூட இப்பிடி ஆட்டலயேன்னு அழுதீங்க. நீங்களும் பிளேன் ஏறினதில்ல. அப்பிடித்தான?”

கடலைப் பார்த்தேன். கடல் எனக்கு உதவவில்லை.

“லீவு எழுதிக் குடுங்க. மாப்பிள்ளைத் தோழனா வாங்க. சன்னல்ல நான் உக்காந்து காத்தைப் பாத்துக்கிடுதேன்.”

இனி, போகிறவர்களுக்கு. லாஞ்ச் போய்ப் பாலம் வந்துவிட்டது. அந்த ஊசிமூக்கும் இப்போது பறப்பதில்லை. மற்றவை மாறவில்லை. வேலியை நெருங்காதீர்கள், அனுமதியில்லாமல் கேமராவை எடுக்காதீர்கள். நிழலே கிடையாது, தொப்பியும் ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீரும் வேண்டும். எந்த முனையில் நிற்பது என்று டிரைவரிடமும் என்னிடமும் கேட்க வேண்டாம். மணலில் பறவைகளின் மூக்கு எந்தப் பக்கமோ, அந்தப் பக்கத்து முனைக்குப் போங்கள்.

ஒன்பதாம் நாள் பம்பாய் விமானம் ஏறினோம். மேலே மேகம் எப்படி இருந்தது என்று நீங்கள் கேட்கலாம். விரித்த பஞ்சு மாதிரி, நடுவே கடல் நீலத்தில் ஒரு ஓட்டை, அதில் ஒரு பாய்மரம் என்று கேள்வி. சூசை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன்.