இராமலட்சுமி டீச்சரின் ஞாயிற்றுக்கிழமைப் பயல்கள்

எங்கள் ஊர் பால்வாடிக்கு இராமலட்சுமி டீச்சர் வந்தது எண்பத்தெட்டில். பரமக்குடிக்காரர், எங்கள் ஊரில் வாக்கப்பட்டவர். வாரம் முழுக்கப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்து, சத்துமாவு உருண்டை பிடித்துக் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை அதே கட்டடத்தில் கேரம்போர்டைப் போட்டு, மீசை முளைத்த பயல்களைக் கூப்பிடுவார். ஆட்டத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் பேச்சு. கோபம் வந்தால் கையை எங்கே வைப்பது, ஒருத்தி முடியாது என்றால் அதை எப்படிக் கேட்டுக்கொள்வது, இப்படி.

அக்காக்காரி எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஏலே, பொம்பளகிட்டப் பேசக்கூட ட்யூசனா?" என்று என் தம்பி தவசியைக் கேலி செய்தேன்.

"நான் கேரம் ஆடப் போறேன், உனக்கென்ன?" என்றான்.

டீச்சருக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை? அவருடைய அக்காவைப் புருசன் அடித்திருக்கிறான். அண்ணன்மார் போய் அவன் கையை ஒடித்தார்கள். வழக்கு, கோர்ட்டு என்று அலைந்ததில் அக்கா இரண்டு வீட்டுக்கும் ஆகாதவளாகிவிட்டாள். "எங்கண்ணன்மாருக்குப் பாசம் இல்லாம இல்ல. அவள ஒரு வார்த்தை கேக்கணும்னு தெரியல" என்பார்.

நான் தேவிபட்டினம் பக்கம் வாக்கப்பட்டேன். கட்டினவர் அடித்தார். எங்கள் அண்ணன் சின்னச்சாமி, ஊர் வழக்கப்படி வேனில் ஆள் கூட்டிவந்து, மாப்பிள்ளையை நாலு சாத்து சாத்திவிட்டுப் போனார். ஊரில் அண்ணனுக்கு நல்ல பேர். வேன் தெரு முனை தாண்டியதும் அந்த மனுசன் வாங்கின அடியையெல்லாம் சேர்த்து எனக்குக் கொடுத்தார். அதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

தொண்ணூற்றேழில், எனக்குக் கைப்பிள்ளை இருந்தபோது, மறுபடியும் அடி விழுந்து உதடு கிழிந்தது. அண்ணன் மறுபடியும் வேன் பேசக் கிளம்பினார். "பொறுண்ணே, நான் முதல்ல போய்ட்டு வாரேன்" என்று தவசி தனியாக பஸ் ஏறி வந்துவிட்டான்.

வாசலில் என் வீட்டுக்காரரும் பங்காளிகளும் கம்போடு நின்றார்கள். வேன் வந்தாலும் எனக்குத்தான் அடி, வராவிட்டாலும் எனக்குத்தான். தவசி அவர்களைப் பார்க்காமல் உள்ளே வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தான். என் உதட்டைப் பார்த்தான். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

"அக்கா, நீ சொல்றதுதான். அண்ணன் வரட்டுமா, வேணாமா? இங்கன இருக்கியா, நம்ம வீட்டுக்கு வாரியா?"

பெண் பார்க்க வந்தபோது என்னைக் கேட்கவில்லை. தாலி கட்டும்போது கேட்கவில்லை. எனக்காக அடிதடி நடந்தபோதுகூட ஒருத்தரும் கேட்கவில்லை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"யாரும் யாரையும் அடிக்க வேணாம்டா. நான் வாரேன். பிள்ளையத் தூக்கு."

பிள்ளையோடு நாங்கள் வெளியே வந்தபோது பங்காளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடிக்க வருகிறவனுக்காகத்தான் கம்பு எடுத்திருந்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் விலகி நின்றார்கள்.

மறுநாள் பால்வாடிக்குப் போனேன். டீச்சர் உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். மாவு ஒட்டியிருந்த அந்தக் கையை அப்படியே பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"நீங்க நல்லாயிருக்கணும் டீச்சர். தவசி என்னைய ஒரு மனுசியா மதிச்சுக் கேட்டான்."